பாசி என்று சொல்லிவிட்டால் போதுமா?

தமிழ் நாவல்களில் ஒரு பூ இருக்கிறது. எத்தனையோ வருஷங்களாக அது வாடாமல் பூத்துக்கொண்டே இருக்கிறது. கதாநாயகி தோட்டத்தில் உலாவும்போதெல்லாம் அதன் மணம் காற்றில் வருகிறது. கதாநாயகன் மலைப்பாதையில் ஏறும்போதெல்லாம் அது அவன் காலடியில் சிரிக்கிறது. அதற்குப் 'பெயர் தெரியாத பூ' என்று பெயர்.

இந்தப் பூவை நட்டு வளர்த்தவர்கள் என் சக எழுத்தாளர்கள். அவர்களில் ஒருவரிடம், "அது என்ன பூ ஸார்?" என்று ஒரு முறை கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தானே பெயர் தெரியாத பூ என்று எழுதியிருக்கிறேன்!" என்றார். அதோடு விடவில்லை. "கதைக்கு வேண்டியது உணர்ச்சி, ஐயா, தாவர சாஸ்திரம் அல்ல" என்று எனக்கு ஒரு பாடமும் நடத்தினார்.

அப்படியானால் இதே நண்பர் தம் கதாநாயகனைப் 'பெயர் தெரியாத ஊரில், பெயர் தெரியாத தெருவில்' ஏன் குடிவைப்பதில்லை? ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து மயிலாப்பூருக்குப் போகிறவனை ஐஸ் ஹவுஸ் வழியாக அனுப்பிவிட்டால் மறுவாரமே பத்து வாசகர்கள் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடுவார்கள். அந்தப் பயம் அவருக்கு இருக்கிறது. பூவை என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் செய்கிற அலட்சியத்துக்கு 'உணர்ச்சி' என்று பெயர் வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

போகட்டும். இந்த வியாதி எழுத்தாளர்களோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதவே மாட்டேன். அது வாசகர்களுக்கும் இருக்கிறது; வீடு கட்டுகிறவர்களுக்கும் வர்ணம் அடிக்கிறவர்களுக்கும் இருக்கிறது; பட்டம் வாங்கியவர்களிடம் அதிகமாகவே இருக்கிறது. இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பூவைப் பற்றி அல்ல. பூவே பூக்காத, கடுகளவு கூட இல்லாத ஒரு பிறவியைப் பற்றி.

ராயப்பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய மதில் ஒன்று உண்டு. வடக்குப் பார்த்த மதில். வெயில் அதன்மேல் விழுவது அபூர்வம். பங்குனி சித்திரையில் அதன் மேலே ஏதோ கறுத்துச் சுருண்டு, தீய்ந்த மயிரைப் போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்து நாலு நாள் மழை பெய்தால் போதும். அவ்வளவும் பச்சைப் பட்டாக விரிந்துவிடும். சென்ற மழைக்காலத்தில் அந்தப் பச்சையின் நடுவே, கடுகில் பாதி அளவுக்கு, ஆரஞ்சு வர்ணத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் தெரிந்தன. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வர்ணம் அடிக்கும் மேஸ்திரி வந்தார். "பாசி ஸார். ஆசிட் ஊத்தித் தேச்சு விட்டா சுத்தமா போயிடும்" என்றார். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவர் இரண்டடி தள்ளி நின்றே, "காளான்! தொடாதீங்கோ, விஷம்!" என்று தீர்ப்பளித்தார். அவருடைய பேத்தி கல்லூரி மாணவி; கெட்டிக்காரி. கைப்பேசியை நீட்டி ஒரு படம் எடுத்தாள். அரை நிமிஷத்தில், "பேர் வந்துடுச்சு அங்கிள்!" என்று ஒரு லத்தீன் பெயரை வாசித்தாள். "இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்துப் பாரம்மா" என்றேன். எடுத்தாள். வேறொரு லத்தீன் பெயர் வந்தது. கடைசியாக வந்தவர் என் இலக்கிய நண்பர். அவர் குனியக்கூட இல்லை. "இதெல்லாம் தெரிந்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். நாலு பேரும் சொன்னது ஒன்றே: 'நான் பார்க்க மாட்டேன்' என்பதுதான் அது. மேஸ்திரி ஒரு பழைய சொல்லைச் சொல்லிப் பார்க்காமல் தப்பினார். அதிகாரி பயத்தைச் சொல்லித் தப்பினார். பெண் யந்திரத்தைக் காட்டித் தப்பினாள். நண்பர் தத்துவம் பேசித் தப்பினார். இந்த நாலு தப்பித்தல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 'பாசி' என்ற சொல். குளத்தில் மிதந்தாலும் பாசி, குளியலறையில் வழுக்கினாலும் பாசி, மதிலில் பச்சைப் பட்டாக விரிந்தாலும் பாசி. ஆனால் குளத்துப் பச்சை ஆல்கா என்னும் ஓர் இனம். மதில் பச்சை வேறு; அதற்குத் தண்டு உண்டு, இலை உண்டு, வேர் மட்டும் இல்லை. வேருக்குப் பதிலாக மயிரிழை போன்ற வேரிழைகள் உண்டு. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அதற்கு 'மாஸ்' என்று பெயர். இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வாலிபர்களுக்குச் சினிமாக் கதாநாயகன் நினைவுக்கு வருவானே தவிர, தங்கள் வீட்டு மதில் நினைவுக்கு வராது. உலகத்தில் சுமார் 12,000 வகை மாஸ்கள் இருக்கின்றன. நமக்கு அத்தனையும் ஒரே பாசி.

தென்னாட்டுச் சமவெளிச் சுவர்களில் மிகச் சாதாரணமாக வளரும் ஒன்றுக்கு ஹையோபிலா இன்வொலூட்டா என்று பெயர். ஹையோபிலா என்றால் கிரேக்க மொழியில் மழையை நேசிப்பது என்று அர்த்தம். இன்வொலூட்டா என்றால் உள்ளே சுருண்டது. காய்ந்தால் இலை உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். ஒரு கை தண்ணீர் தெளித்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரியும். கோடை முழுவதும் செத்தது போலக் கிடந்து, முதல் மழைக்கு எழுந்து உட்காரும் இதன் வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. பெயர் என்றால் இப்படி இருக்க வேண்டும். பார்த்தவன் வைத்த பெயர் இது. 'பாசி' என்பது பார்க்காதவன் வைத்த பெயர்.

"நம் கண்ணுக்கு இவ்வளவு நுட்பம் போதாது ஸார்" என்று சொல்லிவிடாதீர்கள். தியாகராய நகர் ஜவுளிக் கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். அரக்கு வேறு, மெரூன் வேறு. மயில் கழுத்து வேறு, எம்.எஸ். ப்ளூ வேறு, வாடாமல்லியைக் கத்தரிப்பூ என்று சொன்ன விற்பனைப் பையன் அன்றைக்குத் தப்ப முடியாது. சமையலறையில் பொன்னியையும் சீரகச் சம்பாவையும் கையில் எடுத்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்கிறார்கள். அதே சமையலறையில் கல்பாசி என்று ஒரு சரக்கு இருக்கிறது. செட்டிநாட்டுக் குழம்புக்கு வாசனை தருவது அதுதான். பெயரில் பாசி இருந்தாலும் அது பாசி அல்ல. ஒரு காளான் இனமும் ஓர் ஆல்காவும் சேர்ந்து ஒரே உடலாகக் குடித்தனம் நடத்தும் லைக்கன் என்னும் பிறவி. அதை மற்றப் பாசிகளிலிருந்து பிரித்து, காயவைத்து, அளவாகப் போட நம் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே கண்ணில் கோளாறு இல்லை. எதைப் பார்ப்பது கௌரவம், எதைப் பார்ப்பது கௌரவக் குறைவு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கில்தான் கோளாறு.

இனி அந்த ஆரஞ்சுப் புள்ளிக்கு வருகிறேன். அது என்னவெல்லாமாக இருக்கலாம்? ட்ரென்டிபோலியா என்று ஓர் ஆல்கா இருக்கிறது. பச்சை ஆல்காவின் இனம்தான். ஆனால் உடம்பெல்லாம் காரட்டின் நிறப்பொருளைச் சேர்த்துக்கொண்டு, ஈரச் சுவரைக் காவி பூசியது போல ஆக்கிவிடும். சிமெண்டின்மேல் வளரும் சில லைக்கன்களுக்கு ஆரஞ்சுத் தட்டுகள் உண்டு. பூச்சி முட்டையாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் தள்ளிய பிறகு ஒன்று மிஞ்சுகிறது: மாஸின்மேல் மட்டுமே வாழும் கிண்ணக் காளான்.

காளான் என்றதும் குடையை நினைக்காதீர்கள். இதற்குக் காம்பு இல்லை, குடை இல்லை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டு. விளிம்பில் சில சமயம் சன்னமான ஜரிகை. அந்தத் தட்டின் மேற்பரப்பு முழுவதும் நெருக்கமாக நிறுத்திய நுண்ணிய பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் சாதாரணமாக எட்டு வித்துகள். ஒரு வித்தின் நீளம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தட்டுக்குக் கீழே, நம் கண்ணுக்குத் தெரியாமல், அதன் இழைகள் மண்ணுக்குள் இறங்கி மாஸின் வேரிழையைத் தேடிப் பிடிக்கின்றன. அதன்மேல் ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒரு சிறு குழாயைச் செலுத்தி உணவு எடுக்கின்றன. சிலவற்றில் அந்த இடம் வீங்கி முடிச்சாகிவிடுவதும் உண்டு. மாஸ் பெரும்பாலும் சாவதில்லை. வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் சமையலறையில் சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி அது.

இதன் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் பூதக்கண்ணாடி. பிறகு தட்டை மட்டும் கிள்ளாமல், மாஸோடும் மண்ணோடும் சேர்த்துப் பெயர்த்து எடுக்க வேண்டும். சவரக் கத்தியால் மெல்லிய சீவல், மைக்ராஸ்கோப். வித்து உருண்டையா, நீள்வட்டமா? உருண்டையாக, மேலே வலைப்பின்னலோ வரம்போ இருந்தால் பெரும்பாலும் லாம்ப்ரோஸ்போரா என்னும் கூட்டம். நீள்வட்டமாக இருந்தால் பெரும்பாலும் ஆக்டோஸ்போரா. வித்தின் மேலுள்ள பருக்களும் கோடுகளும் சும்மா பார்த்தால் தெரியாது. காட்டன் ப்ளூ என்னும் நீலச் சாயத்தில் இட்டால்தான் தெரியும். இத்தனையும் செய்து முடித்த பிறகும் பெயர் கிடைத்துவிடாது. கடைசிக் கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது: அது எந்த மாஸின்மேல் வளர்ந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கிராமத்தில் புது மனிதர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினால், "உங்கள் பெயர் என்ன?" என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். "யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானே தெரிந்துவிடும். கிண்ணக் காளானும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு வீடு, அல்லது உறவுக்காரர்களான நாலைந்து வீடுகள் உண்டு. ஆக்டோஸ்போரா லூகோலோமா வெள்ளி மாஸின்மேல் வளரும். மதில் உச்சியில் மெத்தை போலப் படரும் கிரிம்மியாவின்மேல் வளர்வது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் அதே ஆரஞ்சுத் தட்டு. காளானை மட்டும் தெரிந்தவனுக்கு இங்கே பெயர் கிடைக்காது. மாஸை மட்டும் தெரிந்தவனுக்கும் கிடைக்காது. இரண்டையும் படித்திருக்க வேண்டும்.

படித்த ஒருவர் இருந்தார். ஜோஹன் ஹெட்விக் என்று பெயர், 1730-இல் பிறந்தவர், தொழிலில் மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் மாஸைப் பார்த்தவர். மாஸ்களைப் பற்றிய சாஸ்திரத்துக்கே தகப்பனார் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் இறந்த பிறகு 1801-இல் வெளிவந்த புத்தகத்திலிருந்துதான் மாஸ்களின் பெயர்க் கணக்கு இன்றைக்கும் தொடங்குகிறது. அந்த மனிதர்தான் 1789-இல் ஆக்டோஸ்போரா என்ற பெயரையும் வைத்தார். 'எட்டு வித்து' என்று அர்த்தம். பைக்குள் எட்டு இருப்பதை எண்ணிப் பார்த்தவன் வைத்த பெயர்!

அவருக்குப் பிறகு என்ன நடந்தது? மாஸ்காரர்கள் ஒரு பக்கம் போனார்கள், காளான்காரர்கள் ஒரு பக்கம் போனார்கள். மாஸ்காரர் தம் மாதிரியில் ஆரஞ்சுத் தட்டு இருந்தால் அழுக்கு என்று தட்டிவிட்டார். காளான்காரர் தட்டைக் கிள்ளிக்கொண்டு, 'மாஸின் நடுவே கிடைத்தது' என்று எழுதி வைத்தார். எந்த மாஸ்? அது அவருக்கும் 'பெயர் தெரியாத' மாஸ்! ம்யூனிக் நகரத்தில் பீட்டர் டோபெலர் என்ற அறிஞர் வேரிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, காளானின் இழை எங்கே ஒட்டுகிறது, எப்படி உள்ளே போகிறது என்று 1979-இல் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்தத் துறை மறுபடி உயிர் பெற்றது. ஹெட்விக்கின் நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 190 வருஷம். ஜெர்மனியிலும் இந்த வியாதி இருந்தது என்பதற்காக நாம் ஆறுதல் அடைய வேண்டாம். அங்கே மருந்தும் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டில் ஆளே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆள் இருந்தார்கள், நாம்தான் அவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை. 1859-இல் நம் தேசத்து மாஸ்களுக்கு லத்தீன் மொழியில் முதல் பெரிய கணக்கு எழுதியவர் வில்லியம் மிட்டன் என்ற ஆங்கிலேயர். அவர் மருந்துக் கடைக்காரர். பிறர் அனுப்பிய காய்ந்த மாதிரிகளை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்தபடியே எழுதினார். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் இருந்த ஃபொரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனி மலை மாஸ்களின் பட்டியலை 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் வளரும் மாஸ்களைப் பற்றிப் பல வருஷம் உழைத்து 2013-இல் ஒரு நூலே கொண்டுவந்தார்கள். கொடைக்கானலுக்குப் போய்ப் படகில் ஏறி, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு வரும் நம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அவ்வளவு தூரம் ஏன்? ராயப்பேட்டையிலிருந்து பாரதி சாலை வழியே நடந்தால் அரை மணியில் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம் வந்துவிடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர் எம்.ஓ.பி. அய்யங்கார். ஈர மண்ணில் கண்ட ஓர் ஆல்காவுக்கு 1932-இல் அவர் ஃபிரிட்ஷியெல்லா என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் தாவரவியல் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். அவருக்குப் பின் டி.எஸ். சதாசிவன் பருத்தியை வாட வைக்கும் காளானைப் பற்றி ஆராய்ந்தார். அவருக்குப் பின் சி.வி. சுப்பிரமணியன், காய்ந்த சுள்ளியிலும் உதிர்ந்த இலையிலும் வளரும் நுண் காளான்களைத் தேடித் தேடிப் பார்த்து, 1971-இல் ஒரு பெருநூல் எழுதினார். 1973-இல் இந்தியக் காளானியல் சங்கம் தோன்றியது. அதன் இதழுக்குக் காளானைக் குறிக்கும் வடமொழிச் சொல்லையே எடுத்து 'கவகா' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயர்களை நம் வட்டாரத்தில் பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவர் தலையாட்டினால் அதிகம். சாலைகளின் பெயரை மாற்றுவதென்றால் மட்டும் நமக்கு எவ்வளவு அக்கறை! பைகிராப்ட்ஸ் சாலை பாரதி சாலை ஆயிற்று. லாயிட்ஸ் சாலை அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று. நல்ல காரியம், பெற்றவர்கள் தகுதியுள்ளவர்கள். ஆனால் சாலைக்குப் பெயர் வைக்க ஊர்வலமும் மேடையும் உண்டு. அந்தச் சாலையோரத்து மதிலில் வளர்வதற்குப் பெயர் வைக்க ஒரு மனிதன் குனிந்தால், அவனைப் பைத்தியம் என்கிறோம்.

மேடை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. "கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கியிருக்கிறார்!" என்று முழங்காத தமிழ் மேடை உண்டா? கைதட்டுகிறோம். அடுக்கியவர் கபிலர், ஐயா, கைதட்டுகிறவர் நாம். முழங்குகிற புலவரை இறக்கி அழைத்துக்கொண்டு போய், அதில் ஒன்பது பூவை மரத்திலோ செடியிலோ காட்டச் சொல்லுங்கள். பாட்டனார் பார்த்த கண்ணைப் பேரன் பரிசுக் கோப்பையாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். லத்தீன் பெயர் எதற்கு, தூய தமிழில் பெயர் சூட்டுவோம் என்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். தாராளமாகச் சூட்டுங்கள். ஆனால் முதலில் பாருங்கள். எட்டு வித்தை எண்ணிய பிறகு 'எண்வித்து' என்று பெயர் வைத்தால் நானும் கைதட்டுவேன். எண்ணாமல் வைத்தால் அது அகராதிக்குப் பயன்படலாம், மதிலுக்குப் பயன்படாது.

இனி என் நண்பரின் கேள்வி. இதனால் என்ன பிரயோஜனம்?

இதற்குப் பதில் சொல்லச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பென்சிலின்! 1928-இல் ஃபிளெமிங் அந்தப் பூஞ்சையைக் கண்டபோது, கூட இருந்த காளான் நிபுணர் அதற்குத் தவறான பெயரைச் சொன்னார்; ஃபிளெமிங்கும் 1929-இல் அந்தப் பெயரையே அச்சிட்டார். பிறகு அமெரிக்காவில் சார்லஸ் தாம் பார்த்து, இது வேறு இனம் என்று திருத்தினார். 2011-இல் மரபணுவை வைத்து ஆராய்ந்தவர்கள் அதையும் திருத்தினார்கள். கோடிக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய காளானுக்கே சரியான பெயர் கிடைக்க எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தவறான பெயரை நம்பி ஒருவன் வேறு பூஞ்சையை வளர்த்திருந்தால் மருந்து கிடைத்திருக்குமா? ஆகவே மதில் காளானிலும் நாளைக்கு ஒரு மருந்து இருக்கலாம், ஆகவே நண்பரே...

இப்படி நான் வாதாட மாட்டேன். இது பிச்சைக்காரன் வாதம். 'எனக்குக் கொஞ்சம் போடுங்கள், உங்களுக்குப் புண்ணியம் வரும்' என்பது போல. மாஸின்மேல் வளரும் ஒரு மில்லிமீட்டர்த் தட்டு எந்த நோயையும் குணப்படுத்த வேண்டாம். ஏற்றுமதியாகி அந்நியச் செலாவணி ஈட்டவும் வேண்டாம். நண்பர் ஆறு நாவல் எழுதியிருக்கிறார். அதனால் என்ன பிரயோஜனம் என்று நான் என்றைக்காவது கேட்டேனா? ஒரு ராயப்பேட்டைக் குமாஸ்தாவின் மனசுக்குள் நடப்பதை நுணுகிப் பார்த்து எழுதினால் அது இலக்கியம். அவன் வீட்டு மதிலில் நடப்பதை நுணுகிப் பார்த்தால் அது வெட்டி வேலையா? இரண்டும் ஒரே வேலை. நம்மைத் தவிர வேறொன்று நம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் வேலை.

பிரயோஜனம் கேட்டுக் கேட்டு நாம் அடைந்த நிலைமை என்ன? தாவரங்களையும் பிராணிகளையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்த ஆசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார அடுத்த ஆள் தயாராவதில்லை. கடைசியில் 1999-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே, பெயர் சொல்லத் தெரிந்தவர்களைத் தயார் செய்வதற்கென்று அகில இந்திய அளவில் ஒரு திட்டம் தொடங்க வேண்டி வந்தது. பெற்றோர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் உங்கள் பங்கு பெரிது. "பாட்டனி எடுத்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டு, எடுக்க நினைத்த பிள்ளையை வீட்டுக் கூடத்திலேயே மடக்கியவர்கள் நீங்கள்தான்.

மிச்சமிருப்பது அந்தப் பெண்ணின் கைப்பேசி. அதை நான் பழிக்கவில்லை. கல்யாணத் தரகரை யாராவது பழிப்பார்களா? அவர் நாலு ஜாதகம் கொண்டுவருகிறார், நாலு போட்டோ காட்டுகிறார். அதுவே பெரிய உபகாரம். ஆனால் போட்டோவைப் பார்த்த அரை நிமிஷத்தில் தாலியை எடுக்கிறவன் உண்டா? ஆரஞ்சு நிறத்தை மட்டும்தான் கைப்பேசி பார்த்தது. வித்தை அது பார்க்கவில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேரிழையைப் பார்க்கவில்லை. விருந்தாளி யார் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று விசாரிக்கவில்லை. இரண்டு படத்துக்கு இரண்டு பெயர் சொன்னபோது அது வெட்கப்படவும் இல்லை. வெட்கப்பட வேண்டியது யந்திரம் அல்ல. முதல் பெயரிலேயே திருப்தி அடைகிற நாம்தான். தெரியாமல் இருப்பது ஒரு குறை. அதைத் தேடி நிரப்பலாம். தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதற்கு வைத்தியம் இல்லை.

"அப்படியானால் உங்கள் மதிலில் இருந்தது என்ன?" என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். பிகு செய்துகொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பும் மாஸ் தெரிந்தவரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பெயரைப் பத்திரிகைக் கட்டுரையில் நான் சொல்லிவிட்டால், மேஸ்திரிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். மாஸோடும் மண்ணோடும் ஒரு துண்டைப் பெயர்த்து, காகிதத்தில் மடித்து, தேதியும் இடமும் எழுதி வைத்திருக்கிறேன். காகிதத்தின்மேல் 'பெயர்: இன்னும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

நாவலில் வரும் 'பெயர் தெரியாத பூ'வுக்கும் இதற்கும் இடையில் உள்ள தூரம் 'இன்னும்' என்ற அந்த ஒரு சொல்தான். முன்னது கதவைச் சாத்துகிறது. பின்னது கதவைத் தட்டுகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவில் நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கலாம். மதிலுக்கு ஆசிட் ஊற்ற ஆள் வருவதற்கு முன்னால், ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாள் காலை, காப்பி குடித்த கையோடு உங்கள் வீட்டு மதில் பக்கம் போங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். பச்சைக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்று எண்ணி முடித்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கல்லூரிகள், எத்தனை தாவரவியல் ஆசிரியர்கள்! மாணவர்களை வருஷத்துக்கு ஒரு முறை ஊட்டிக்கு அழைத்துப் போவது இருக்கட்டும். மழை விட்ட ஒரு நாள் கல்லூரியின் பின்பக்கச் சுவருக்கு அழைத்துப் போங்கள். மாஸ் தெரிந்தவரும் காளான் தெரிந்தவரும் சேர்ந்து போங்கள். தனித்தனியே போக வேண்டாம்.

என் சக எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த நாவலில் கதாநாயகி தோட்டத்துக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. அங்கே அவள் பார்க்கும் பூவின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால், தோட்டக்காரரைக் கேளுங்கள். அவர் சொல்வார். சொல்லிவிட்டு, அது எந்த மாதத்தில் பூக்கும், எந்தப் பூச்சி வரும், எதற்கு ஆகும் என்றும் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு இன்னொரு நாவலுக்கும் விஷயம் கிடைக்கும்.